பயமுறுத்தாத பள்ளிக்கூடம்

மர்மக் கதைகளில் வரும் விடுதிப் பள்ளிகளுக்கு ஒரு ஃபார்முலா உண்டு. ஊரை விட்டுத் தள்ளி ஒரு பழைய மாளிகை. தேன் ஒழுகப் பேசும் தலைமை ஆசிரியை. எப்போதும் பூட்டிக் கிடக்கும் அறை. நடுநிசியில் காலடிச் சத்தம். பெற்றோர் மட்டும் எதையும் கவனிக்காமல் சூட்கேஸை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் டங்கன் 1974ல் எழுதிய 'டவுன் எ டார்க் ஹால்' இந்த வகையில் பெயரெடுத்த நாவல். 2018ல் உமா தர்மன் நடிக்கப் படமாகவும் வந்தது. இதன் ஒலிப்புத்தகத்தை இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். பயப்படத் தயாராகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் இரவு, பேய் வரும் நேரத்தில் தூங்கிப்போனேன்.

கதைக் கரு என்னவோ அபாரம்தான். மறுமணம் செய்துகொண்ட தாய் ஐரோப்பாவுக்குத் தேனிலவு போகிறாள். மகள் கிட், பிளாக்வுட் என்ற பள்ளியில் விடப்படுகிறாள். அங்கே மாணவிகள் மொத்தமே நான்கு பேர். கொஞ்ச நாளில், கையில் தூரிகை பிடித்தறியாத பெண் ஓவியம் தீட்டுகிறாள்; ஒருத்தி கவிதை எழுதுகிறாள்; கிட் தூக்கத்தில் பியானோ வாசிக்கிறாள். இளம் வயதில் இறந்துபோன மேதைகளின் ஆவிகள் இவர்களின் கைகளை இரவல் வாங்குகின்றன. ஏற்பாடு செய்தவர் தலைமை ஆசிரியை. விலை, அந்தப் பெண்களின் புத்தி.

பிறகு ஏன் ஏமாற்றம்? பள்ளியைப் பார்த்த மாத்திரத்தில் ஏதோ தீமை இருக்கிறது என்று கிட்டுக்குத் தோன்றிவிடுகிறது. நமக்கும்தான். அதன்பின் மர்மம் ஏது? அவள் உறுதிசெய்துகொள்ளும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அச்சில் என்றால் நாலு பக்கம் தாவலாம். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பெருமூச்சையும் முழு நீளத்துக்குக் கேட்டே தீரவேண்டும்.

உண்மையான ஏமாற்றம் வேறு. அந்த ஆவிகளில் ஒன்று எமிலி பிராண்டியுடையது. ஆவிகள் எல்லாம் ஆண், பலியாவது எல்லாம் பெண் என்ற ஆட்சேபம் எழுந்ததால் டங்கன் செய்த மாற்றம் அது. ஆனால் எமிலிக்குத் தெரிந்த விடுதிப் பள்ளியை அவர் கண்டுகொள்ளவில்லை.

1824ல் இங்கிலாந்தின் கோவன் பிரிட்ஜில், ஏழைப் பாதிரியார்களின் மகள்களுக்கான பள்ளியில் பிராண்டி சகோதரிகள் நால்வர் சேர்க்கப்பட்டார்கள். எமிலிக்கு வயது ஆறு. குளிர், கெட்டுப்போன சாப்பாடு, கடுமையான தண்டனை. மூத்தவர்கள் மரியாவும் எலிசபெத்தும் காசநோயோடு வீடு திரும்பினார்கள். 1825 மே மாதம் ஒருத்தியும் ஜூனில் ஒருத்தியுமாக இறந்தார்கள். வயது பதினொன்று, பத்து. சார்லட் அந்தப் பள்ளியை மறக்கவில்லை. 1847ல் 'ஜேன் அயர்' நாவலில் லோவுட் என்ற பெயரில் அதை உலகமே பார்க்கும்படி வைத்தார். அங்கே ஆவி கிடையாது. தீய்ந்த கஞ்சிதான் உண்டு. படித்தவர்களுக்கு இன்றும் குலை நடுங்குகிறது.

டங்கனுக்கு நிஜமான பயம் தெரியாது என்று சொல்ல முடியாது. 1989ல் அவருடைய பதினெட்டு வயது மகள் சுட்டுக் கொல்லப்பட்டாள். அதன்பின் இளம்பெண்களை ஆபத்தில் மாட்டிவிடும் கதைகளை எழுத அவருக்கு மனம் வரவில்லை. மகளின் மரணத்தைத் துப்புத்துலக்குவதிலேயே காலம் கழிந்தது. அதுபற்றி 1992ல் ஒரு புத்தகமும் எழுதினார். 2016ல் அவர் இறக்கும் வரை வழக்குக்கு முடிவு தெரியவில்லை. இடையில், அவருடைய இன்னொரு நாவல் 1997ல் ரத்தம் தெறிக்கும் படமாக வந்தபோது அதிர்ந்துபோனார்.

இதை அறிந்த பிறகு 'டவுன் எ டார்க் ஹால்' கதையில் ஓர் இடம் மட்டும் என்னைத் தொந்தரவு செய்கிறது. கிட் தன் தோழிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறாள். எதுவும் போய்ச் சேருவதில்லை. ஆவிகள் கிளப்பாத கிலியை இது கிளப்புகிறது. விடுதியில் பிள்ளையை விட்ட எந்தப் பெற்றோரையும் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் 'நல்லா இருக்கேன்' என்ற வார்த்தை வந்தால், பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்றுதான் முதலில் தோன்றும். அந்தச் சந்தேகத்தில் ஒரு நாவல் இருக்கிறது. டங்கன் அதைத் தொட்டுவிட்டு ஆவிகளிடம் ஓடிவிட்டார்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த ஒலிப்புத்தகத்தைத் தரலாமா? தாராளமாக. தூக்கம் கெடாது. விடுதியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கும் பெற்றோர் மட்டும், கையெழுத்துப் போடும் முன் 'ஜேன் அயர்' தொடக்க அத்தியாயங்களைப் படித்துவிடுவது நல்லது. பிறகு பள்ளிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்க மாட்டார்கள். நேராகச் சமையலறைக்குப் போவார்கள்.