தினமும் ரெண்டு பக்கம்

பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஒரு பெண் எழுதிய நாவல் ஐம்பது வருடம் கடந்தும் விற்றுக்கொண்டிருக்கிறது. எஸ்.இ. ஹின்டன். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துக்காரர்.

அவர் படித்த பள்ளியில் மாணவர்கள் இரண்டு கோஷ்டி. தலையில் எண்ணெய் வழிய, காசில்லாமல் சுற்றும் 'கிரீசர்'கள் ஒரு பக்கம். கார் வைத்திருக்கும் பணக்காரப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். வீட்டுக்கு நடந்து போன நண்பன் ஒருவனைச் சிலர் அடித்துப் போட்டார்கள். அந்தக் கோபத்தில் 15 வயதில் எழுத ஆரம்பித்ததுதான் 'தி அவுட்சைடர்ஸ்'. கதை சொல்பவன் 14 வயது போனிபாய். இதை எழுதிய வருடம் படைப்பிலக்கியப் பாடத்தில் அவருக்குக் கிடைத்த கிரேடு 'டி'! நம்ம ஊர் கணக்குல ஜஸ்ட் பாஸ்.

1967-ல் வைகிங் பதிப்பகம் நாவலை வெளியிட்டது. பசங்களோட சண்டையைப் பத்தி ஒரு பொண்ணு எழுதினதுன்னா விமர்சகர்கள் மதிக்க மாட்டாங்கன்னு, சூசன் எலோயிஸ் என்ற பெயரை எஸ்.இ. என்று சுருக்கினார்கள்.

எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. புத்தகம் ஹிட்டானதும் அவருக்கு எழுத்தே நின்றுபோனது. "இளைஞர்களின் குரல்" என்று பட்டம் கட்டியதும் கை ஓடவில்லை. சில வருடங்கள் அப்படியே போயின.

இது எனக்கு நல்லாப் புரியுது. போன வருஷம் இந்த இதழில் என் முதல் கதை வந்தது. மெஸ்ஸில் சாம்பார் ஊத்துற அண்ணன்கூட, "அது நீங்கதானா தம்பி?" என்றார். அடுத்த எட்டு மாசம் ஒரு வரி வரல. முதல் கதையை யாரும் எதிர்பார்க்கல, அதனால பயம் இல்ல. ரெண்டாவதுக்குத்தான் எல்லாரும் காத்திருக்காங்கன்னு தோணுது.

ஹின்டனுக்கு வழி காட்டியது, பிறகு அவர் மணந்துகொண்ட காதலர். தினமும் ரெண்டு பக்கம் எழுதணும். எழுதலைன்னா அன்னைக்கு வெளியே போறது கிடையாது. அவ்வளவுதான் கண்டிஷன். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்து நிறுத்து எழுதினாலும் பக்கம் சேர்ந்தது. 1971-ல் இரண்டாவது நாவல் வந்தது. 1975-ல் 'ரம்பிள் ஃபிஷ்', 1979-ல் 'டெக்ஸ்', 1988-ல் ஐந்தாவது.

கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும், இந்த நாவலைப் படமாக எடுங்கள் என்று இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்பொலாவுக்குக் கடிதம் போட்டார்கள். 1983-ல் படம் வந்தது. ஹின்டனும் அதில் நர்ஸாக ஒரு காட்சியில் தலை காட்டினார். இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதை 1988-ல் முதன்முதலில் பெற்றவரும் அவர்தான்.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி அஞ்சு யூனிட்டையும் முடிக்கிற ஜாதி நாம. கதை, ப்ராஜெக்ட், கோடிங் எல்லாத்துக்கும் அந்த ஒரு ராத்திரியைத்தான் நம்புறோம். ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம்னா நூறு நாள்ல இருநூறு பக்கம். ஒரு செமஸ்டரே கிட்டத்தட்ட அவ்வளவு நாள்தான்.

15 வயசு நமக்குத் திரும்ப வராது மச்சி. ரெண்டு பக்கம் இன்னைக்கே வரும்.