சாரலும் பட்டச் சவாரியும்

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை தென்காசி ஸ்டேஷனில் நாங்கள் இறங்கியபோது மழையும் இல்லை, வெயிலும் இல்லை. காற்று மட்டும் இருந்தது. ஆரியங்காவுக் கணவாயின் வழியே மலையாளத்துப் பக்கமிருந்து வரும் காற்று அது. பெருமழையை மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு, மிச்சத் துளிகளைப் பூப்போல் இங்கே தூவுகிறது. அதைத்தான் சாரல் என்கிறோம்.

முதலில் காசி விசுவநாதர் ஆலயத்துக்குச் சென்றோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயில். பிற்காலத்தில் இதைப் பழுது பார்ப்பவர்களின் பாதங்களைத் தான் பணிவதாக அம்மன்னன் கல்லில் பொறித்து வைத்தான். பாழடைந்திருந்த இராஜ கோபுரம் 1990-ல் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. அதன் வாசலில் அடித்த காற்று எங்கள் மாமாவின் அங்கவஸ்திரத்தைப் பறித்து ஒரு பூக்கூடையில் சேர்த்தது.

"இந்தக் காற்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோமே!" என்றான் மருமகப் பிள்ளை. மத்தியதரைக் கடலோரத்து மார்ஸேல் நகரில், 2024-ல் ஒலிம்பிக் பந்தயமாகவே நடந்த பட்டச் சவாரியை அவன் வர்ணித்தான். காலடியில் பலகை, இடுப்பில் கச்சை, அதிலிருந்து இருபது கஜத்துக்கு மேல் நீண்ட கயிறுகள், உச்சியில் பெரிய பட்டம். காற்று இழுக்க, மனிதன் அலைமேல் பாய்கிறான்.

இதற்கு மேனாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நமது இராமேசுவரக் கரையிலும், இலங்கைக் கற்பிட்டியிலும் இதே தென்மேற்குக் காற்றில் அந்த விளையாட்டு நடக்கிறது.

"காற்று மிஞ்சிப் போனால்?" என்று கேட்டாள் எண்பது வயது அத்தைப்பாட்டி.

"கச்சையில் ஒரு விசை உண்டு, பாட்டி. அதைத் தட்டினால் பட்டம் வலுவிழந்து விழுந்துவிடும். அதைத்தான் முதலில் கற்றுக் கொடுக்கிறார்கள்."

குற்றாலம் அங்கிருந்து மூன்று மைல்தான். மணப்பெண்ணாக வந்தபோது பேரருவியில் நீராடியவள் அத்தைப்பாட்டி. இன்னொரு முறை தலையை நனைத்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பிரயாணம். ஆனால், பொங்குமாகடலில் விழுந்து பொங்கி வரும் வெள்ளம் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. குறுக்கே கயிறு கட்டிப் போலீஸார் நின்றார்கள்.

நாங்கள் கெஞ்சினோம், கோபித்தும் பார்த்தோம். "மலைமேல் என்ன மழை என்று இங்கே நிற்கிற நமக்குத் தெரியாது, ஆச்சி" என்றார் ஒரு காவலர். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துச் சென்றதை அவர் சொன்னார். எங்கள் வாய் அடைத்துப் போயிற்று. எங்களுடன் வந்த பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயது.

"அவர் சொல்வதுதான் சரி. அந்த விசையைத் தட்டிவிடுங்கள்" என்று சொல்லி அத்தைப்பாட்டி திரும்பி நடந்தாள். அருவியிலிருந்து பறந்து வந்த திவலைகளில் அவள் நரைத்த தலை நனைந்திருந்தது. துடைக்கத் துண்டு நீட்டினோம், வேண்டாமென்று தடுத்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் கயிற்றை அவிழ்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அவளை அழைத்து வருவதற்குத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது.