தண்டவாளம் முடியும் ஊரில் மூன்று நாட்கள்

பதினெட்டு ஆண்டுகளைக் கந்தோரில் கழித்தவனுக்கு உறக்கத்திலும் கோவைகளே தோன்றும் என்பதை அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் இரவு மகள் ஏதோ கேட்க, "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் அளித்துவிட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள், இல்லாள் சிரிக்கவில்லை. மறுநாளே மூன்று நாள் லீவுக்கு விண்ணப்பித்தோம்.

கொழும்பிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து மாத்தளை. 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் கிளைப்பாதை மாத்தளையோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. அவ்வூரைத் தெரிந்தெடுத்ததற்கு வேறு காரணம் நம்மிடம் இருக்கவில்லை. ஆனாலும் பெட்டியின் அடியில், உடன் வந்த இல்லாளுக்குத் தெரியாமல், ஒரு கோவையை மறைத்து வைத்திருந்தோம். முதல் நாள் விடுதித் திண்ணையில் மிளகுக் கொடிகளையும் கொக்கோ மரங்களையும் பார்த்தவாறே கைப்பேசியைப் பன்னிரண்டு முறை எடுத்துப் பார்த்தோம்.

இரண்டாம் நாட் காலை, தம்புள்ளை வீதியில் சுமார் 2 மைல் தொலைவிலுள்ள அலுவிகாரைக்குச் சென்றோம். பெரும் பாறைகளின் இடுக்கில் அமைந்த குகைக் கோயில் அது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், போரும் பஞ்சமும் நாட்டை வாட்டின. வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த திரிபிடகம், அதனை மனனம் செய்தவர்களோடு மறைந்துவிடுமோ என்று பிக்குகள் அஞ்சினர். இங்கே கூடி அதனை ஓலையில் எழுதினர் என்பது வரலாற்று மரபு. அங்கிருந்த ஏட்டுச் செல்வம் 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது.

அங்கே ஒருவர் எழுத்தாணியால் ஓலையில் கீறிக் காட்டினார். கீறியபோது ஒன்றும் தெரியவில்லை. கரிய மையைப் பூசித் துடைத்ததும் நம் பெயர் எழுந்து வந்தது! அவர் சிறிதும் அவசரப்படவில்லை. அந்நேரத்தில் நாம் இரண்டு கடிதங்கள் எழுதி முடித்திருப்போம். அவற்றில் ஒன்றாவது எவருக்கேனும் இன்று நினைவிருக்குமா என்ற எண்ணம் வந்தபோது, படியிறங்கும் கால்கள் சற்றுத் தயங்கின.

மாலையில் முத்துமாரியம்மன் கோயில். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் தீக்கிரையாகி மீண்டும் எழுந்த ஆலயம். மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வரும். வெளிமண்டபத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நாம் கேளாமலே பேச்சைத் தொடங்கினார்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் மன்னார்ப் பக்கம் எறங்கி, காட்டு வழியா நடந்தே வந்தவருங்க. கூட வந்தவங்க பல பேரு வழியிலேயே போயிட்டாங்களாம். மாத்தளை வந்து சேர்ந்தப்போதான் உசுரு தங்கும்னு நம்பிக்கை வந்துச்சாம். ஐயா ரெயில்லயா வந்தீங்க?"

ஆம் என்று தலையசைத்தோம். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் நோயிலும் பசியிலும் நடந்து கடந்த அந்த வடக்குப் பாதை நூறு மைலுக்கும் மேற்பட்டது. களைப்பு என்ற சொல்லை அன்றிரவு நாம் உச்சரிக்கவில்லை.

மூன்றாம் நாள், வடக்கே 15 மைல் அளவில் உள்ள நாலந்தா கெடிகேக்குப் போனோம். பல்லவர் கட்டடக்கலையை நினைவூட்டும் சிறிய கற்கோயில். வடிவத்தில் இந்துக் கோயில், உள்ளே பௌத்தம். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே திரும்பக் கட்டினார்களாம். சுற்றிலும் நீர், காற்று, எங்கோ ஒரு குயில். மர நிழலில் சற்றே சாய்ந்தோம். விழித்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. இல்லாள் நம்மை எழுப்பவில்லை.

கொழும்புக்குத் திரும்பும் வண்டியில் போர்வை எடுக்கப் பெட்டியைத் திறந்தவள் கோவையைக் கண்டுவிட்டாள். கட்டியிருந்த நாடா அவிழ்க்கப்படாமலே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நம் பெயர் எழுதிய ஓலைத்துண்டை அந்த நாடாவுக்குள் செருகிவைத்துப் பெட்டியை மூடினாள்.