கொழுக்குமலை ஜீப் சொல்லும் கணக்கு: டயர் முக்கியமா, கியர் முக்கியமா?

தேனி மாவட்டத்தில் இருக்கும் ஒரு மலைக்கு வண்டியில் போக, கேரளாவுக்குள் நுழைந்துதான் ஏற வேண்டும் என்றால் நம்புவீர்களா? கொழுக்குமலை அப்படித்தான். இடம் நம் போடிநாயக்கனூர் தாலுகா. வண்டிப் பாதை மட்டும் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில் இருந்து தொடங்குகிறது. போடியில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி வந்துவிடலாம். அதுவரை உங்கள் கார் போதும். அதற்கு மேல் ஜீப்தான்.

7,000 அடிக்கு மேல் தேயிலைத் தோட்டம், 1930-களில் தொடங்கிய தேயிலைத் தொழிற்சாலை, காலுக்குக் கீழே மேகம், அதைக் கிழித்துக்கொண்டு வரும் சூரியன். இதைப் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறைய ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். நாம் இப்போது பார்க்கப் போவது அங்கே நம்மை ஏற்றிச் செல்லும் ஜீப்பை. குறிப்பாக, அதன் டயரையும் கியரையும்.

பாதையா, பாறையா?

சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்றால் விடியற்காலை நான்கு மணி வாக்கில் கிளம்ப வேண்டும். எஸ்டேட் சாலை முடிந்ததும் தார் காணாமல் போகிறது. உருளைக் கற்கள், மழைநீர் அறுத்த பள்ளங்கள், ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பின் சீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்கள் மோதிக்கொண்டே இருக்கும். குழந்தைகளுக்கு மட்டும் இது ராட்டினம்!

"இந்த ரோட்டுக்கு இன்னும் பெரிய டயர் போடலாமே அண்ணே?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"போடலாம் தம்பி. ஏறிடும். எறங்கும்போது யார் புடிக்கிறது?" என்றார்.

அந்தப் பதிலில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம்

மெயின் கியர் ராடுக்குப் பக்கத்தில் இந்த ஜீப்களில் குட்டையாக இன்னொரு ராடு இருக்கும். அதன் வேலை இரண்டு. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தியைக் கொடுப்பது. தேவைப்படும்போது வண்டியை 'லோ'வுக்கு மாற்றுவது. லோவில் போட்டால் இன்ஜின் அதே வேகத்தில்தான் சுற்றும், சக்கரம் மட்டும் மிக மெதுவாகச் சுற்றும். வேகம் குறைகிற அளவுக்கு இழுவிசை கூடும்.

இதை எண்ணில் பார்த்தால் எளிதாகப் புரியும். மும்பையில் 1947-ல் வில்லிஸ் ஜீப்களைப் பொருத்தத் தொடங்கியதுதான் மஹிந்திராவின் ஜீப் கதை. பின்னர் நம் ஊர்களில் ஓடிய சிஜே-3பி மாடலின் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் சுமார் 2.8. லோ விகிதம் 2.46. ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன்-பினியன் விகிதம் 5.38. அதாவது, 8 பல் உள்ள பினியன் 43 பல் உள்ள கிரவுனைச் சுற்றுகிறது. மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜின் 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், நிமிடத்துக்கு 700 சுற்று என்று இன்ஜின் சும்மா ஓடுகிறது என்று வையுங்கள். அந்த ஜீப் நிமிடத்துக்குச் சுமார் 43 மீட்டர் நகரும். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். தாத்தா காலை நடை போகும் வேகத்தைவிடக் குறைவு! லோ இல்லாமல் அதே முதல் கியரில் போனால், மணிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல்.

இறக்கத்தில் இந்த வித்தியாசம்தான் உயிர் காக்கும். லோவில் முதல் கியர் போட்டு இறங்கும்போது, இன்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். லோ இல்லாத வண்டியில் வழி நெடுக பிரேக்கை அமுக்கிக்கொண்டே வர வேண்டும். பிரேக் சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிப்பு குறையும். ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் வண்டியில், அந்தச் சரிவில், அது நடக்கவே கூடாத விஷயம்.

டயர் பெரிதானால் என்ன ஆகும்?

டயரின் பக்கவாட்டில் 235/70 R16 என்று எழுதியிருந்தால், அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவிகிதம். ரிம் 16 அங்குலம். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 735 மில்லிமீட்டர் வரும். பழைய தார் சிஆர்டிஇ வண்டியில் வந்த அளவு இது.

2020-ல் வந்த புதிய தாரின் ஒரு வேரியன்ட்டில் கொடுக்கப்பட்ட அளவு 245/75 R16. உயரம் சுமார் 774 மில்லிமீட்டர். பழைய தார் வைத்திருக்கும் நண்பர், 'அதே 16 இன்ச் ரிம்தானே' என்று இதை மாட்டினால் என்ன கிடைக்கும்?

டயர் 39 மில்லிமீட்டர் உயரம் கூடும். ஆனால் ஆக்ஸில் டயரின் நடுவில் இருப்பதால், தரையில் இருந்து வண்டி உயர்வது அதில் பாதிதான். இரண்டு சென்டிமீட்டர்கூட முழுதாக இல்லை.

இழப்பது என்ன? சக்கரத்தின் சுற்றளவு சுமார் 5 சதவிகிதம் கூடுவதால், ஒவ்வொரு கியரும் 5 சதவிகிதம் 'வேகமாக' மாறிவிடும். ஏற்றத்தில் இழுவிசை அதே அளவு குறையும். பாதிக் கிளட்ச்சில் ஏற்றிப் பழகினால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். இறக்கத்தில் இன்ஜின் பிடிமானம் குறையும். கனமான டயரை நிறுத்த பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

5 சதவிகிதத்தைச் சமாளித்துவிடலாம். ஆனால் சிலர் 28 அங்குல உயர டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் போடுகிறார்கள். அது 10 சதவிகிதத்துக்கு மேல். பழைய இழுவிசை வேண்டும் என்றால் கிரவுன்-பினியன் விகிதத்தையும் அதே அளவு கூட்ட வேண்டும். 4.10 இருந்தால் சுமார் 4.54-க்குப் போக வேண்டும். அதுவும் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டிலும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் டிரைவ் போட்டால், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கியர் பாகங்களை உடைத்துவிடும்.

டயர் வாங்கும் பட்ஜெட்டில் இந்தச் செலவை யாரும் சேர்ப்பதில்லை. மலையில் ஏறும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

ஒல்லியா, குண்டா?

சிஜே-3பி போன்ற பழைய ஜீப்களில் வந்த அளவு 6.00-16. வெறும் ஆறு அங்குல அகலம். இன்றைய ஜிம்னியின் 195/80 R15 டயரும் எட்டு அங்குலத்துக்குக் குறைவுதான். தாரின் 255/65 R18 பத்து அங்குலம். எது நல்லது?

நீங்கள் போகும் தரையைப் பொறுத்தது. சேறு மேலாக இருந்து, அடியில் கெட்டித் தரை இருந்தால் ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போய்ப் பிடித்துக்கொள்ளும். கொழுக்குமலை மாதிரி குறுகிய மலைப்பாதையில் ஸ்டீயரிங் திருப்பவும் அது லேசு. மணல் என்றால் கதை மாறும். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வருவதற்கு முன், தனுஷ்கோடி மணலில் வேன்கள் திணறிப் போனதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அங்கே அகலமான டயர்தான் புதையாமல் மிதக்கும்.

டயரையே மாற்றாமல் இந்தப் பலனை ஓரளவு பெற ஒரு வழி, காற்றைக் குறைப்பது. 32 இருக்கும் இடத்தில் 20 வைத்தால் டயர் தரையில் நன்றாகப் படரும், மணலில் புதையாது, கல்லிலும் பிடிக்கும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறுபடி காற்றை நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கலாம். எனவே, கையில் ஒரு சின்ன கம்ப்ரஸர் அவசியம்.

வாங்கும் முன் கவனியுங்கள்

* உங்கள் பயணத்தில் எத்தனை நாள் மலை, எத்தனை நாள் நெடுஞ்சாலை? வருடத்தில் இரண்டு முறை மலை என்றால், கம்பெனி அளவிலேயே நல்ல பட்டன் உள்ள ஆல்-டெரெயின் டயர் போதும்.
* அளவை மாற்றியே ஆக வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளரே அனுமதிக்கும் அளவுகளுக்குள் இருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும்.
* ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கேயும் உரசுகிறதா என்று பாருங்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டும் ஒரு முறை பாருங்கள்.
* ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். நான்கு பெரிய டயர், ஒரு பழைய ஸ்டெப்னி என்பது ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு ஆபத்து.

பயணியாகப் போகிறீர்களா?

கொழுக்குமலைக்குக் குடும்பத்தோடு வாடகை ஜீப்பில் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். ஏறும் முன் டார்ச் அடித்து நான்கு டயரின் பட்டனையும் பாருங்கள். வழுவழு என்று இருந்தால் வேறு ஜீப் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். இறங்கும்போது "லோவில்தானே வர்றீங்க அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல ஓட்டுநர் கோபித்துக்கொள்ள மாட்டார். குழந்தைகளை நின்றுகொண்டு வர விடாதீர்கள். "சீக்கிரம் போங்க, சூரியன் வந்துடும்" என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் போதும்.

மேலே போனதும் கொழுக்குமலைத் தேநீர் ஒரு கப் குடியுங்கள். அப்படியே வரிசையாக நிற்கும் ஜீப்களின் டயர் அளவுகளையும் படித்துப் பாருங்கள். இனி அந்த எண்கள் உங்களுக்குப் புரியும்!