நேப்பிள்ஸில் நாலு நாள் போஜனம்

இத்தாலி தேசத்துக்குப் போய் வந்தேன் என்று சொன்னவுடன் எங்கள் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள் கேட்ட முதல் கேள்வி ரோமாபுரியின் கோலோஸியத்தைப் பற்றியதன்று. வெஸுவியஸ் எரிமலையைப் பற்றியதுமன்று. "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், ஸார்?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. மரக்கறி உண்ணும் ஒரு குடும்பம், அதிலும் எழுபத்திரண்டு வயதான தாயாரை அழைத்துக்கொண்டு கடல் கடந்து போனால், கோபுரங்களும் சித்திரங்களும் இரண்டாம் பக்ஷந்தான். வேளைக்கு வயிறு நிறைந்தால் மைக்கேல் ஆஞ்சலோ மகா சிற்பியாகத் தெரிவார். நிறையாவிட்டால் அவரும் ஒரு கல்தச்சர்தான்.

கோடை விடுமுறையில் நான், என் மனைவி, அம்மா ஆகிய மூவரும் புறப்பட்டோம். ரோமாபுரியில் மூன்று நாள் தங்கி, அங்கிருந்து விரைவு ரயிலில் ஒரு மணிக்குச் சற்று அதிகமான பிரயாணத்தில் நேப்பிள்ஸ் போய் அங்கே நாலு நாள் இருப்பதாக ஏற்பாடு. ரோமாபுரியில் முதல் நாளே ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒரு நல்ல போஜன சாலையில் அம்மாவுக்காக வெறும் சாதம் கேட்டு வாங்கினேன். அம்மா கைப்பையிலிருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுத்து, சாதத்தில் தூவி, வழக்கம்போல் கையால் பிசைய ஆரம்பித்தாள். பக்கத்து மேஜையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தார்களோ, பார்த்ததாக எனக்குத்தான் தோன்றியதோ! "அம்மா, இங்கே கையால் சாப்பிடுவது வழக்கமில்லை, முள்கரண்டி இருக்கிறது, பார்" என்று காதோடு சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள். "பசியில்லை" என்றாள். அதற்குப் பிறகு எந்தப் போஜன சாலைக்குள்ளும் அவள் வரவில்லை. கடையில் வாங்கிய தயிரில் ஊரிலிருந்து கொண்டுபோன அவலை நனைத்து, ஹோட்டல் அறையிலேயே வேளையை முடித்துக்கொண்டாள். வகுப்பில் பிள்ளைகளுக்கு நம் தேசத்து வழக்கங்களின் பெருமையை வருஷந்தோறும் எடுத்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான்!

இந்த நிலையில் நேப்பிள்ஸ் வந்து சேர்ந்தோம்.

நேப்பிள்ஸ் என்பது 'நெயாபோலிஸ்' என்னும் கிரேக்கப் பெயரின் திரிபு. பொருள் 'புது ஊர்'. இரண்டாயிரத்து நானூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் அதற்குப் பெயர் புதூர்தான்; நம் நாட்டிலும் அப்படிப் பழைய புதூர்கள் பல உண்டல்லவா? கிரேக்கர் வகுத்த தெருக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஸ்பக்கநாப்போலி என்ற தெரு ஊரை இரண்டாகக் கத்தியால் வகிர்ந்தாற்போல் நேராக ஓடுகிறது. அதற்கு இணையாக ஓடும் திரிபுனாலித் தெருவில்தான் பசித்தவனுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. மாடிக்கு மாடி துணி உலர்கிறது. இடையில் ஸ்கூட்டர்கள் சீறுகின்றன. ஒவ்வொரு பத்தடிக்கும் ஓர் அடுப்பின் வாசனை. அம்மா மூக்கை நிமிர்த்தி, "சுட்ட ரொட்டி வாசனை நன்றாயிருக்கிறதே!" என்றாள். மூன்று நாளில் சாப்பாட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அங்கே சாப்பாட்டுக் கடைகளில் ஜாதிகள் பல. 'ரிஸ்தொராந்தே' என்பது மேஜை விரிப்பும் பெரிய விலையும் உள்ள இடம். 'ட்ராத்தோரியா' குடும்பத்தார் நடத்தும் எளிய சாப்பாட்டுக் கடை. 'பிட்ஸேரியா' பிட்ஸாவுக்கென்றே ஏற்பட்டது. எண்ணெய்ப் பலகாரம் போடும் கடைகளும் உண்டு. ஆனால் மீனைப் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கையும் பொரிக்கக்கூடுமாகையால் நம்மவர் விசாரித்து வாங்குவது நலம். உட்கார்ந்து சாப்பிடும் பல இடங்களில் 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ தனியாக வசூலிக்கிறார்கள். நாம் இலைக்கூலி என்று வைத்துக்கொள்ளலாம். இராச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் கிடைப்பது அருமை.

முதல் இரவு அம்மாவை அறையில் விட்டுவிட்டு நானும் மனைவியும் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். 'வெஜிடேரியன்' என்று மூன்று முறை சொல்லி, மொச்சைபோன்ற பயறும் மாவுக் குழல்களும் சேர்ந்த கூழ் ஒன்றை வாங்கினேன். பாதி உண்டபின் கரண்டியில் ஏதோ அகப்பட்டது. பன்றிக் கொழுப்புத் துண்டு! பரிசாரகரோ, "இது மாமிசமில்லையே, வாசனைக்குத்தானே!" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அம்மா வராதது தெய்வச் செயல் என்று எண்ணிக்கொண்டேன். ஆகையால் நேப்பிள்ஸ் போகும் அன்பர்கள் 'ஸ்த்ருத்தோ' என்ற சொல்லை மனனம் செய்துகொள்ள வேண்டும். பன்றிக் கொழுப்புக்கு அதுதான் பெயர். மிளகு போட்ட 'தாரல்லி' என்னும் முறுக்குப்போன்ற பக்ஷணத்திலும் அது சேர்கிறது. ஊரே பெருமைப்படும் 'ஸ்போலியாதெல்லா' என்னும் இனிப்பு, ஏடு ஏடாக விரியும் மடிப்புக்குள் ரவையும் ரிக்கோத்தாப் பாற்கட்டியும் பழத்துண்டுகளும் வைத்த ஓர் அற்புதம். ஆனால் பழைய முறைப்படி அதன் ஏடுகள் மிருதுவாவதும் அந்தக் கொழுப்பினால்தான். சோமாசி என்று நினைத்துக் கை நீட்டிய என் மனைவி ஒரு பெருமூச்சோடு கையை இழுத்துக்கொண்டாள்.

இனி நல்ல சமாசாரங்களுக்கு வருவோம். வட இத்தாலியில் புதிதாகப் பிசையும் மாவுக்கு முட்டை சேர்ப்பது வழக்கம். தெற்கேயோ கோதுமை ரவையையும் தண்ணீரையும் தவிர வேறொன்றும் சேராத உலர்ந்த மாவுக் குழல்களே பிரதானம். நேப்பிள்ஸுக்குத் தெற்கே கிரன்யானோ என்ற ஊர் இதற்குப் பெயர் போனது; மலைக்காற்றும் கடற்காற்றும் கலந்து வீசும் அதன் தெருக்களில் முற்காலத்தில் நூல் நூலாக மாவை உலர்த்தினார்களாம். பூண்டும் எண்ணெயும் மிளகாயும் மட்டும் இட்ட ஸ்பகெத்தி எந்த ட்ராத்தோரியாவிலும் கேட்டால் கிடைக்கும். 'பிரியாரியெல்லி' என்று ஒரு கசப்புக் கீரையுண்டு. அதைப் பூண்டோடு வதக்குவார்கள். நம் வீட்டுக் கீரை வதக்கலுக்குச் சகோதரி என்றே சொல்லலாம். தட்டில் கூடவே வரும் மாமிசத்தை மட்டும் வேண்டாமென்று முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் நேப்பிள்ஸ் என்றால் பிட்ஸாதான். ஏழைகளின் ஆகாரமாகப் பிறந்தது அது. 1884-ல் வாந்திபேதி அந்நகரைச் சூறையாடியபோது மத்தில்தெ ஸெராவோ என்ற எழுத்தாள அம்மையார் அங்குள்ள ஏழைகளின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில், காசுக்கு ஒரு துண்டாகப் பிட்ஸா விற்றதையும் குறித்திருக்கிறார். எண்ணெயில் பொரித்த பிட்ஸாவை இன்று தின்றுவிட்டு எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. நம் மளிகைக்கடைப் பற்றுக் கணக்கு மாதிரிதான்.

1889-ல் இத்தாலியின் ராணி மார்கெரிட்டா நேப்பிள்ஸ் வந்தபோது ராபயேலே எஸ்போஸிதோ என்ற பிட்ஸாக்காரர் துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு பச்சிலை, வெண்மையான மொஸரெல்லா, சிவந்த தக்காளி ஆகிய மூன்றையும் இட்டுத் தேசக்கொடியின் மூவர்ணமாகச் சமைத்துக் கொடுத்தார், ராணி மகிழ்ந்தாள், அவள் பெயரே அதற்கு நிலைத்தது என்று கதை. அரண்மனையிலிருந்து வந்ததாகச் சொல்லும் நன்றிக் கடிதம் பிராண்டி என்னும் பிட்ஸேரியாவில் காட்சிக்கு இருக்கிறது. கடிதம் மெய்யானதுதானா என்று சரித்திரக்காரர்கள் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மூன்றும் சேர்ந்த பிட்ஸா அதற்கு முன்பே இருந்ததற்கும் சான்று உண்டு. தவிர, அந்தக் கொடியின் சிவப்புக்குக் காரணமான தக்காளியே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த விருந்தாளி. நம் ரஸத்துக்கும் அதே விருந்தாளிதானே வந்து சேர்ந்தது! ஆகையால் யாரும் யாரையும் பரிகசிப்பதற்கில்லை. 2017-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் நேப்பிள்ஸ் பிட்ஸாக்காரரின் கைத்தொழிலை மனித குலத்தின் பரம்பரைச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

மொஸரெல்லாவை எருமைப் பாலில் செய்வதும் உண்டு என்று கேட்டதும் அம்மாவுக்கு அந்த ஊர்மேல் மதிப்பு உயர்ந்தது. ஆனால் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது வழக்கம் என்பதையும் நான் சொல்லவேண்டியதாயிற்று. மறைத்து உண்பிக்க மனம் வரவில்லை. மிஞ்சியது 'மாரினாரா' ஒன்றே: தக்காளி, பூண்டு, ஓமத்தை நினைப்பூட்டும் ஓரெகானோ இலை, எண்ணெய். பாற்கட்டியே இல்லை. மாவிலும் கோதுமை, தண்ணீர், உப்பு, ஈஸ்டு இவைதாம், முட்டை கிடையாது.

"மாரினாரா என்றால் என்னடா அர்த்தம்?" என்றாள் அம்மா.

"கப்பல்காரர்களுடையது."

"அப்படியானால் மீன் இருக்குமே!"

இல்லை, பிட்ஸாவில் இல்லை. ஆனால் அதே பெயரில் ஸ்பகெத்தி வாங்கினால் அதில் கடற்பிராணிகள் வரக்கூடும். அன்பர்கள் இதையும் குறித்துக்கொள்க.

இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு முன்பே 1870-ல் ஏற்பட்ட 'தா மிக்கேலே' பிட்ஸேரியாவுக்குப் போனோம். நெடுங்காலமாக மாரினாரா, மார்கெரிட்டா என்ற இரண்டே வகைகளால் பெயர் பெற்ற கடை. வாசலில் நம்பர்ச் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தெருவில் நின்றபடியே பிட்ஸாவை வெற்றிலைபோல் நாலாக மடித்துத் தின்னும் வழக்கமும் அந்த ஊரில் உண்டு. திரிபுனாலித் தெருவில் அது சகஜம். ஆனால் நின்றுகொண்டு உண்பது அம்மாவுக்கு ஒவ்வாது. முக்கால் மணி நேரம் காத்து உள்ளே போனதும் சலவைக்கல் மேஜையில் எங்களுக்கு எதிரே அவ்வூர்க் கிழவி ஒருத்தி. மேஜையைப் பங்கிட்டுக்கொள்வது அங்கே வழக்கம். விறகடுப்பில் ஒரு பிட்ஸா வேக ஒன்றரை நிமிஷங்கூட ஆவதில்லை. தட்டை விடப் பெரிதாக, ஓரங்களில் கரும்புள்ளிகளோடு அம்மாவின் முன்னே வந்து விழுந்தது. விலை ஐந்தாறு யூரோ.

அம்மா முள்கரண்டியைக் கையில் எடுத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சுலபத்தில் மறக்கமாட்டேன். இந்த வயதில் என்னிடம் அனுமதி கேட்கிறாள்! எதிரே இருந்த கிழவியோ கத்தியால் நாலு கீறு கீறிவிட்டு, ஒரு துண்டைக் கையால் எடுத்து, நுனியை உள்ளே மடித்து, வாயில் போட்டுக்கொண்டாள். எண்ணெய் வழிந்த விரல்களைப் பற்றி அவளுக்குக் கவலையேயில்லை.

"கையாலேயே சாப்பிடு, அம்மா" என்றேன். குரல் சற்று அடைத்தது.

அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அடையைப் பிய்ப்பதுபோல் ஓரத்தைப் பிய்த்து, தக்காளியில் தோய்த்து உண்ண ஆரம்பித்தாள். முக்கால் பாகம் போன பிறகு தலை நிமிர்ந்து, "ரொம்பப் பசியாக இருந்ததடா" என்றாள். எனக்கு என் தட்டிலிருந்தது இறங்கவில்லை. என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஒரு கடையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகைப்படங்களை அச்சிட்ட தபால் கார்டுகள் விற்றார்கள். நேப்பிள்ஸ் தெருவில் ஏழைகள் தலையை அண்ணாந்து, கையை உயரத் தூக்கி, மாவு நூல்களை வாய்க்குள் இறக்கும் காட்சி. அக்காலத்து ஐரோப்பியப் பிரயாணிகள் இதை வேடிக்கை என்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா அதில் இரண்டு கார்டு வாங்கினாள். யாருக்கென்று சொல்லவில்லை.

காபி விஷயம் தனி. அங்கே கடைப் பலகையருகே நின்றே குடிக்கிறார்கள். பல இடங்களில் முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். உட்கார்ந்தால் விலை வேறு. ஊரின் பெரிய காபிக் கடையான கம்ப்ரினூஸ் 1860-ல் தோன்றி, எழுத்தாளரும் சித்திரக்காரரும் கூடும் இடமாக இருந்தது. 1938-ல் பாஸிஸ்டு அதிகாரிகள் அதை மூடிவிட்டார்கள். 1970-களில்தான் மறுபடி உயிர் பெற்றது. நேப்பிள்ஸ் காபி உத்தரணித் தீர்த்தம் அளவுதான், ஆனால் உள்ளே போனதும் உச்சந்தலை வரை சேதி போகிறது. முதலில் ஒரு கிண்ணம் தண்ணீர் தருவது அவ்வூர் மரியாதை. கும்பகோணத்து டிகாக்ஷனில் வளர்ந்த அம்மா அதைச் சுவைத்து, "பால் ஊற்றினால் ஆறு பேருக்குக் காணும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கொடுக்கலாம். இரண்டாவது, பின்னால் வரும் எவனோ ஓர் ஏழைக்கு. 'தொங்கும் காபி' என்று அதற்குப் பெயர். சில கடைகளில் அந்தச் சீட்டை ஒரு பாத்திரத்தில் போட்டு வைக்கிறார்கள். நான் இதை விளக்கியதும் அம்மா மடியிலிருந்த சிறு பையை அவிழ்த்து, தானே காசை எண்ணிக் கொடுத்து, சீட்டைத் தன் கையாலேயே பாத்திரத்தில் போட்டாள்.

நாலாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு எங்களுக்கு ரயில். காலையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவல் மூட்டை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வழியில் உதவுமே என்று அதை மேலாக வைக்கப் போனேன்.

"அதை அடியில் வை" என்றாள் அம்மா. "அந்த நம்பர்ச் சீட்டுக் கடையை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?"