பதக்கம்தான் துணை! கங்கோத்ரி வழியில் ஒரு வீரனின் ஊர்

ரிஷிகேஷிலிருந்து கங்கோத்ரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டீ குடிக்க இறங்கும் ஊர் சம்பா. பெயரைக் கேட்டதும் அம்மா, "அரிசி நல்லா இருக்குமா?" என்று கேட்டார். நம்மூர் சம்பா அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹிமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் பிரபலமான சம்பாவும் இது அல்ல. இது உத்தரகாண்டின் டெஹ்ரி மாவட்டத்துச் சம்பா.

நரேந்திரநகர் தாண்டி வளைவு வளைவாக ஏறினால் சுமார் 60 கிலோமீட்டர். 1,600 மீட்டருக்கும் மேலான உயரம். மசூரிக்கு ஒரு சாலை, புது டெஹ்ரிக்கு ஒரு சாலை, உத்தரகாசிக்கு ஒரு சாலை என்று பிரிகிற சந்திப்பு. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் பனிச்சிகரங்கள் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. மேகம்!

எங்கள் டெம்போ டிராவலரில் 12 பேர். எல்லோரும் டீக்கடைக்குள் போக, நான் போனைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு நினைவிடம். சீருடை அணிந்த ஓர் இளைஞனின் சிலை. பெயர், கபர் சிங் நேகி. 'ஷோலே' படம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று வேறு முகம் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது, கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கபர் சிங் பிறந்தது சம்பாவுக்குப் பக்கத்திலுள்ள மஞ்சூட் கிராமத்தில், 1895 ஏப்ரல் 21 அன்று. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி எடுத்த சின்னச் சின்ன வயல்கள்தான் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் சொத்து. விளைவது வீட்டுக்கே பத்தாது. ரொக்கமாகக் காசு பார்க்க வேண்டுமென்றால் ஒரு பிள்ளை பட்டாளத்துக்குப் போக வேண்டும். அன்று ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். இன்றைக்கும் கட்வாலில் 'மணியார்டர் பொருளாதாரம்' என்றொரு பேச்சு உண்டு. பிள்ளைகள் வெளியூரிலிருந்து அனுப்பும் பணத்தில்தான் ஊரில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம்.

இதில் இன்னொரு விஷயம். டெஹ்ரி அப்போது தனி ராஜா ஆண்ட சமஸ்தானம். ஆனாலும் இங்கிருந்து பையன்கள் போய்ச் சேர்ந்தது பிரிட்டிஷாரின் 39-வது கட்வால் ரைஃபிள்ஸில். கபர் சிங் சேர்ந்தது 1913 அக்டோபரில். அப்போது அவருக்கு வயது 18. அடுத்த வருடமே முதல் உலகப்போர் வந்துவிட்டது. மலையைத் தாண்டி, கடலைத் தாண்டி, பிரான்ஸ் நாட்டுச் சேற்றுப் பதுங்குகுழிக்குப் போய்ச் சேர்ந்தார்.

1915 மார்ச் 10. நவ் ஷாப்பெல் என்ற கிராமத்தை ஜெர்மானியரிடமிருந்து பிடிக்கத் தாக்குதல். குண்டுகளோடும் துப்பாக்கிக் கத்திகளோடும் எதிரியின் முக்கியப் பதுங்குகுழிக்குள் இறங்கிய குழுவில் கபர் சிங் இருந்தார். அந்தக் குழிகளை நேராக வெட்ட மாட்டார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு வளைவு இருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆளாகத் திரும்பியது கபர் சிங்தான் என்கிறது அவருக்கான விருதுக் குறிப்பு. கடைசியில் எதிரிகள் சரணடைந்தார்கள். கபர் சிங் அந்தச் சண்டையிலேயே இறந்துபோனார். வயது 19.

பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது ஏப்ரல் 28-ம் தேதி. உயிரோடு இருந்திருந்தால் அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் 20 வயது நிறைந்திருக்கும்.

போனில் இதையெல்லாம் படித்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஏண்டி, அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?"

ஆகியிருந்தது. மனைவியின் பெயர் சதூரி தேவி.

இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவருக்கென்று ஒரு கல்லறைகூடக் கிடையாது. நவ் ஷாப்பெல்லில் 1927-ல் திறக்கப்பட்ட இந்திய வீரர்கள் நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களில் கபர் சிங்கின் பெயரும் ஒன்று. மனைவியின் கைக்கு வந்தது அந்த வெண்கலப் பதக்கம்தான். அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை சதூரி தேவி. தன் உடையில் குத்திக்கொண்டு நடமாடினார். வழியில் பார்க்கும் ராணுவத்தினர் அவருக்கு சல்யூட் அடிப்பார்கள் என்பது இந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதை.

அவர் இறந்தது 1981-ல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 66 வருடங்கள்! வெள்ளைக்காரர்கள் போனார்கள். டெஹ்ரி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. பதக்கம் கொடுத்த சாம்ராஜ்யமே கரைந்துவிட்டது. அவர் உடையில் அந்தச் சிலுவை மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. 19 வயதுப் பையனின் வீரத்தைப் பற்றி எழுத எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த ஒரு நாளைவிட இந்த 66 வருடங்கள்தான் மனதைப் பிசைந்தன.

சம்பாவில் நினைவிடம் 1925-லேயே வந்துவிட்டது. 1971 முதல் கட்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவு இதைத் தத்தெடுத்துக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 20 அல்லது 21-ல் அவர் பெயரில் இங்கே மேளா நடக்கிறது. நம் ஊர்த் திருவிழா மாதிரி ஒரு வீரனுக்குத் திருவிழா. சார்தாம் யாத்திரை தொடங்குவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். தேதி பார்த்துக் கிளம்பினால் இரண்டையும் பார்த்துவிடலாம். நாங்கள் சில நாள்கள் பிந்திவிட்டோம்.

"சலோ, சலோ" என்று டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். இருட்டுவதற்குள் உத்தரகாசி போயாக வேண்டும். எல்லோரும் ஏறிவிட்டார்கள். அம்மாவைக் காணோம்.

திரும்பிப் பார்த்தால் நினைவிடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கங்கோத்ரியில் சாத்த ரிஷிகேஷில் வாங்கிய சாமந்திச் சரத்தில் பாதியைக் கிள்ளி, சிலைக்குக் கீழே வைத்திருந்தார்.

"சாமிக்கு வாங்கினதும்மா அது" என்றேன்.

"மீதி இருக்குல்ல. இது அந்தப் பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.