ஹாக்ஸன் கிராமத்துப் புதையல்

லண்டன் மாநகரிலிருந்து வடகிழக்காக ரயிலில் ஒன்றரை மணி நேரம் சென்றால் டிஸ் என்ற சிற்றூர் வருகிறது. அங்கிருந்து ஐந்தாறு மைல் தூரத்தில், ஸஃபோக் ஜில்லாவில், ஹாக்ஸன் என்ற கிராமம் இருக்கிறது. ஒரு மாதா கோவில், சில பழைய வீடுகள், சுற்றிலும் உழுத வயல்கள். வெறுங் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றுதான் கேட்பார். அந்த ஊரின் பெருமை முழுவதும் தரைக்கு அடியில் இருக்கிறது.

கிராமத்தில் 'பொன்னோடைப் பாலம்' என்று பொருள்படும் பெயருள்ள சிறு பாலம் ஒன்று உண்டு. 869-ம் ஆண்டில் டேனியர் படையெடுத்து வந்தபோது எட்மண்டு என்ற அரசர் இப்பாலத்தின் கீழ் ஒளிந்திருந்தாராம். புது மணத் தம்பதிகள் இருவர் பாலத்தைக் கடக்கையில், அரசரின் குதிமுள்ளிலிருந்த தங்கம் தண்ணீரில் பளிச்சிடக் கண்டு பகைவருக்குச் சொல்லிவிட்டனராம். அரசர் பிடிபட்டு உயிர் துறந்தார். அதனால் கல்யாணமான புதிதில் அப்பாலத்தில் நடப்பது ஆகாது என்று ஒரு நம்பிக்கை. கதை மெய்யோ பொய்யோ, உலோகத்தின் பளபளப்பைக் கண்டதும் மனிதர்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும் என்பது மெய்தான்.

பளபளப்பு இல்லாத ஒன்றை இதே ஊரில் கண்டெடுத்துப் புகழ் பெற்றவர் ஜான் பிரியர் என்பவர். செங்கல்லுக்கு மண் வெட்டிய குழி ஒன்றில், கூராகச் செதுக்கிய கல் ஆயுதங்கள் அகப்பட்டன. கூலியாட்கள் அவற்றின் அருமை தெரியாமல் கூடை கூடையாகப் பாதையின் பள்ளங்களில் கொட்டி நிரப்பியிருந்தார்கள். பிரியரோ கற்களைக் கையில் எடுத்ததோடு நிற்கவில்லை. மேல் மண் ஒன்றரை அடி, களிமண் ஏழரை அடி, சிப்பி கலந்த மணல் ஒரு அடி, அதன் கீழ் ஆயுதங்கள் கிடந்த பரல் மண் இரண்டு அடி என்று அடுக்குகளை அளந்து, 1797-ம் ஆண்டில் லண்டனிலிருந்த புராதனப் பொருள் ஆராய்ச்சிச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு ஆழத்தில், இத்தனை படிவுகளுக்குக் கீழே இருப்பதால் இவை மிக மிகப் பழைய காலத்தவை என்பது அவர் கூற்று. உலகம் தோன்றியே ஆறாயிரம் ஆண்டுதான் என்று அந்நாட்டார் பலர் நம்பிய காலம் அது. அந்தக் கற்களின் வயது லட்சக்கணக்கான ஆண்டுகள் என்று இன்று அறிகிறோம். கல்லைக் காட்டிலும் அது கிடந்த இடந்தான் அதன் வயதைச் சொல்லிற்று.

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்தன. 1992 நவம்பர் 16-ந் தேதி, ஹாக்ஸனுக்குத் தென்மேற்கே ஒன்றரை மைலில் உள்ள வயலில் ஒரு குடியானவர் தமது சுத்தியைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பர் எரிக் லாஸ் என்பவரிடம் உலோகங்காட்டும் கருவி ஒன்று இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பரிசாக வந்த கருவி. அதை எடுத்துக்கொண்டு சுத்தியைத் தேடப் புறப்பட்டார்.

இக்கருவியின் சூட்சுமம் எளியது. வளையமாகச் சுற்றிய கம்பியில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது அதைச் சுற்றிக் காந்த மண்டலம் ஒன்று எழுகிறது. பூமிக்குள் கிடக்கும் உலோகத்தில் அது பட்டால், அந்த உலோகத்திலும் மின்சாரம் சுழல்கிறது. அச்சுழற்சியை உணர்ந்து கருவி ஒலி எழுப்புகிறது. தங்கமும் தகர மூடியும் அதற்கு உறவினர். ஆனால் பானை ஓடு, எலும்பு, கரி, மரம், வைக்கோல் ஆகியவற்றைப் பற்றி அது வாய் திறவாது.

அன்று கருவி ஒலித்த இடத்தில் லாஸ் தோண்டினார். வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் வெளிப்பட்டன. இப்படிப்பட்ட சமயத்தில் இருட்டும் வரை தோண்டி, அகப்பட்டதை எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு போகவே எவருக்கும் ஆசை எழும். அவரோ சிறிது எடுத்த உடனேயே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நிலத்துக்குச் சொந்தமான ஜில்லா சபைக்கும் போலீஸுக்கும் சொல்லி அனுப்பினார். மறுநாளே ஆராய்ச்சியாளர்கள் வந்து, மற்றவற்றைக் கிடந்தது கிடந்தபடியே வெட்டி எடுத்தார்கள்.

காசுகள் மட்டும் 14,865. அவற்றில் 569 பொன்; மற்றவை வெள்ளியும் ஒரு சில வெண்கலமும். 29 தங்க ஆபரணங்கள், கரண்டிகளும் அகப்பைகளுமாகச் சுமார் நூறு. எல்லாம் ரோமானியர் பிரிட்டனை ஆண்ட கடைசிக் காலத்தவை. காசுகளின் முத்திரையைக் கொண்டு, இவை 407-ம் ஆண்டுக்குப் பிறகே புதைக்கப்பட்டன என்று நிச்சயித்திருக்கிறார்கள்.

இவை யாவும் இப்போது பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிறபோது பொன்னைவிட வேறு சில என் மனத்தைக் கவர்ந்தன. கட்டை விரலளவுள்ள வெள்ளிப் பூட்டுகள் அங்கே உண்டு. மரப் பெட்டி மக்கிப் போயிற்று. ஆயினும் பொருள்கள் கிடந்த ஒழுங்கைக் கொண்டு அது இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஓரடி உயரமும் உடையது என்று கணக்கிட்டார்கள். சிறு கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. உராயாமல் இருக்க இடையில் வைக்கோல் வைத்திருந்தது. பிரயாணத்துக்குப் பாத்திரம் கட்டும் நம் வீட்டுப் பாட்டிமார் செய்வதையே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே யாரோ செய்திருக்கிறார்கள். ஆத்திரப்பட்டு வாரியிருந்தால் காசு மிஞ்சியிருக்கும். இந்த வைக்கோல் மிஞ்சியிராது.

ஒரு தங்கக் காப்பில், யூலியானா என்ற சீமாட்டி இதைச் சந்தோஷமாக அணியட்டும் என்ற வாழ்த்துப் பொறித்திருக்கிறது. பத்துக் கரண்டிகளில் அவுரேலியஸ் உர்ஸிகினஸ் என்று ஒருவர் பெயர் இருக்கிறது.

தமிழர் நின்று பார்க்க வேண்டிய பொருள் ஒன்றும் உண்டு. ராணி போன்ற ஒரு பெண்ணின் அரையுருவமாக வெள்ளியில் செய்து பொன் முலாம் பூசிய பாத்திரம் அது. அடியில் சுழலும் தட்டு இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும்; மற்றொரு பக்கம் திருப்பினால் நிரப்புவதற்கு வாய் திறக்கும்; இன்னொரு நிலையில் சிறு துளைகளின் வழியே தூள் உதிரும். அது மிளகுப் பாத்திரம். அப்பெட்டியில் இவ்வாறு நான்கு இருந்தன. மிளகு விளைந்தது, பண்டைச் சேரர் ஆண்ட மேற்குக் கரையில். 408-ம் ஆண்டில் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக், பொன் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டான் என்றால் அதன் மதிப்பை ஊகிக்கலாம். மிளகு அங்கே போயிற்று. பொன் இங்கே வந்தது. 1898-ல் புதுக்கோட்டைப் பிரதேசத்தில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள் அதற்குச் சாட்சி.

யூலியானாவின் பெட்டி கிடைத்தது; அவள் வீடு கிடைக்கவில்லை. மறு ஆண்டு வயலைச் சோதித்தபோது உழவில் சிதறிய காசுகள் இன்னும் சில கிடைத்தனவேயன்றி ரோமானியர் குடியிருப்பின் அடையாளம் எதுவும் காணவில்லை. இதற்குள் புதையல் செய்தி பரவி, திருட்டுத்தனமாகக் கருவி கொண்டு துருவுவோர் வரத் தொடங்கினர். அதன் காரணமாகவே 1994-ல் மறுபடியும் அகழ வேண்டியதாயிற்று. பெட்டி இருந்த குழியின் ஓரத்தில் அப்போது ஒரு கம்பம் நட்ட பள்ளம் புலப்பட்டது. திரும்பி வந்து எடுப்பதற்கு நட்ட அடையாளமாக இருக்கலாம் என்கிறார்கள். வந்தவர் எவரும் இல்லை.

லாஸுக்கு 17½ லட்சம் பவுன் சன்மானம் கிடைத்தது. அதில் குடியானவருக்கும் பங்கு கொடுத்தார். தேடிப் போன சுத்தியும் அகப்பட்டு, அதுவும் மியூஸியம் போய்ச் சேர்ந்தது! 1996-ல் புதிய புதையல் சட்டம் பிறந்தது. கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி.

நம் நாட்டிலும் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கண்டவருக்குப் பங்கும் உண்டு. இதை அறிந்த வீடுகள் எத்தனை? வீடு கட்டக் கடைகால் தோண்டும்போதும், கிணறு வெட்டும்போதும் வெளிப்படும் காசுகள் ஊரார் அறியுமுன் உருக்குக் குகைக்குப் போனால், அவற்றோடு ஒரு குடும்பத்தின் கதையும் உருகிப் போகிறது.

பொன்னே வேண்டுமென்பதில்லை. அரிக்கமேடு, மாளிகைமேடு என்று பெயரிலேயே மேட்டைச் சுமந்து நிற்கும் இடங்கள் நமக்கு உண்டு. மதுரைக்கு அருகே கீழடித் தென்னந்தோப்பில் 2015 முதல் நடந்துவரும் அகழ்வில், ஆதன் என்ற பெயர் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. யூலியானாவின் பெயர் தங்கத்தில் இருந்தது. கருவி ஒலித்துக் காட்டிக் கொடுத்தது. ஆதன் பெயர் வெறும் மண் ஓட்டில் இருக்கிறது. எந்தக் கருவியும் அதற்காக ஒலிக்காது. மண்வெட்டி பிடிப்பவர் சற்று நின்று குனிந்து பார்த்தால்தான் உண்டு.